புவி இயற்பியல்: நிலத்தைத் தோண்டாமல் உள்ளே அறிதல்

இயற்பியலின் விதிகளைக் கொண்டு பூமியின் உட்பகுதியை ஆராயும் துறை புவி இயற்பியல். நிலவியலாளர் பெரும்பாலும் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பாறையிலிருந்து தொடங்குகிறார். புவி இயற்பியலாளருக்கு அந்தப் பாறை கைக்கு எட்டுவதில்லை. அதிர்வு, ஈர்ப்பு, காந்தம், மின்சாரம் ஆகியவற்றை நிலத்தின் மேலே அளந்து, கீழே என்ன இருக்கக்கூடும் என்று அவர் கணக்கிடுகிறார்.

சந்தையில் மண்பானை வாங்குபவர் அதை விரலால் சுண்டிப் பார்ப்பார். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. சத்தம் மந்தமாக வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. கண்ணுக்குத் தப்பிய விரிசலைக் காது பிடித்துவிடுகிறது. இந்தத் துறை செய்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

தோண்டியே பார்த்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். பூமியின் மேற்பரப்பிலிருந்து மையம்வரை சுமார் 6,371 கி.மீ. தொலைவு. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் ஓர் ஆய்வுத் துளையிடத் தொடங்கினார்கள். 1989-இல் அது 12,262 மீட்டர் ஆழத்தை எட்டியது. அடியில் வெப்பம் 180 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறிவிட, அதற்குக் கீழே போக முடியவில்லை. இத்தனை ஆண்டு உழைப்பில் கடந்தது, மையத்துக்கான தொலைவில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை.

நிலநடுக்க அலைகள்

மனிதரால் போக முடியாத ஆழத்துக்கு நிலநடுக்க அலைகள் போய்த் திரும்புகின்றன. அவற்றில் முதன்மை அலை, இரண்டாம் நிலை அலை என்ற இரண்டும் பூமியின் உள்ளே ஊடுருவுபவை. முதன்மை அலை பாறையை அழுத்தியும் தளர்த்தியும் வேகமாக முன்னேறும். திடப்பொருள், திரவம் இரண்டிலும் செல்லும். பின்னால் வரும் இரண்டாம் நிலை அலை பாறையைப் பக்கவாட்டில் அசைத்தபடி நகரும். திரவத்தில் அது செல்லாது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து எத்தனையோ உண்மைகள் கிடைத்திருக்கின்றன.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் ஓல்தாம், 1897-இல் அசாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தின் பதிவுகளை ஆராய்ந்து இந்த அலைகளைப் பிரித்துக் காட்டினார். பூமிக்குள் ஒரு கருவம் இருப்பதற்கான சான்றையும் 1906-இல் அவரே முன்வைத்தார். 1909-இல் குரோவேஷியாவின் ஆந்திரியா மொகரோவிசிக், சில பத்து கிலோமீட்டர் ஆழத்தில் அலைகளின் வேகம் திடீரெனக் கூடுவதைக் கண்டார். மேலோடு முடிந்து கவசம் தொடங்கும் எல்லை அது.

டென்மார்க்கின் இங்கே லேமான் கண்டறிந்தது இன்னும் நுட்பமானது. 1929-இல் நியூசிலாந்தில் ஒரு நிலநடுக்கம் ஏற்பட்டது. கருவம் முழுவதும் திரவம் என்றால், முதன்மை அலைகள் வந்து சேரவே கூடாத ஒரு நிழல் பகுதி பூமியில் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பகுதியில் இருந்த நிலையங்களிலும் மெல்லிய அலைகள் பதிவாகியிருந்தன. கருவிப் பிழை என்று ஒதுக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். லேமான் அந்தச் சிறு கோடுகளை நம்பினார். திரவக் கருவத்துக்குள் இன்னொரு கருவம் இருந்து, அலைகளை வளைத்து அனுப்புகிறது என்று 1936-இல் எழுதினார். அந்த உட்கருவம் திடமானது என்பது பிற்பாடு உறுதியானது. அதன் ஆரம் சுமார் 1,220 கி.மீ.

நிலநடுக்கம் வரட்டும் என்று எப்போதும் காத்திருக்கத் தேவையில்லை. தரையில் இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தாலும் அலை எழும். வரிசையாக நட்ட ஜியோஃபோன் என்னும் சிறு கருவிகள் அதைப் பதிவுசெய்யும். எண்ணெய் தேடுவோர் வெடிமருந்தையும், நிலத்தை அதிரவைக்கும் பெரிய லாரிகளையும் பயன்படுத்துவதுண்டு.

ஈர்ப்பும் காந்தமும்

அடியில் கனமான பாறை இருந்தால் அதற்கு நேர்மேலே ஈர்ப்பு இம்மியளவு கூடும். பள்ளமோ லேசான மண்ணோ இருந்தால் குறையும். பத்துக் கோடியில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட ஈர்ப்புமானி காட்டிவிடும். உலகிலேயே ஈர்ப்பின் பெரும் தாழ்வு நம் பக்கத்தில்தான், கன்னியாகுமரிக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. பூமியைச் சீரான நீள்கோளமாகக் கொண்டு கணக்கிடும் மட்டத்தைவிட அங்கே கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. கப்பலில் போகிறவருக்கு இது தெரியாது.

காந்தமானி, இரும்புத் தாது மிகுந்த பாறைகளைத் தேட உதவுகிறது.

மின்தடை முறை

நம் ஊர்களில் புவி இயற்பியலை நேரில் பார்க்க எளிய இடம், போர்வெல் போட இடம் தேடும் காட்டுமேடு. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறை. அதில் தண்ணீர் எங்கும் பரவி நிற்பதில்லை. சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலும்தான் தங்கும். இடம் மாறினால் செலவழித்த பணம் புழுதியாகத்தான் வெளியே வரும்.

ஆய்வுக்கு வருபவர் நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே நேர்கோட்டில் அடித்து இறக்குவார். மண் காய்ந்திருந்தால் கம்பியடியில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் ஊற்றுவார். வெளிக் கம்பிகள் இரண்டின் வழியே மின்சாரம் பாயும். உள் கம்பிகள் இரண்டிற்கும் இடையிலான மின்னழுத்தத்தைக் கருவி காட்டும். பாயும் மின்சாரம், இந்த மின்னழுத்தம், கம்பிகளின் இடைவெளி ஆகியவற்றிலிருந்து மின்தடைமையைக் கணக்கிடலாம். கம்பிகளின் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும்போது மின்சாரம் மேலும் ஆழமாக இறங்கிப் பாயும். இப்படி அளவுகளைத் தாளில் புள்ளியிட்டு இணைத்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். ஈரமற்ற திடமான கருங்கல்லில் மின்தடைமை ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர். நீர் ஊறிய சிதைந்த பாறையில் அதைவிட மிகவும் குறைவு. கோடு தாழும் ஆழத்தில் தண்ணீரை எதிர்பார்க்கலாம்.

எதிர்பார்க்கலாம், அவ்வளவுதான். களிமண்ணும் கோட்டைத் தாழ்த்தும், உவர்நீரும் தாழ்த்தும். ஒரே அளவீட்டுக்குப் பல விளக்கங்கள் பொருந்துவது இந்தத் துறையின் நிரந்தரச் சிக்கல். அதனால் ஒரு முறையில் கிடைத்ததை இன்னொரு முறையால் சரிபார்க்கிறார்கள். அக்கம்பக்கக் கிணறுகளையும் விசாரிக்கிறார்கள். வேப்பங்குச்சியோ தேங்காயோ கொண்டு நீரோட்டம் பார்ப்பது கட்டுப்பாடான சோதனைகளில் தேறவில்லை. தன் கணிப்பு எங்கே தவறக்கூடும் என்று சொல்லிக்கொடுக்கும் முறையையே மாணவர் நம்ப வேண்டும்.

துளையிடும்போது வெளிவரும் பாறைத்தூளை ஆழவாரியாகக் குவியல் குவியலாகத் தரையில் வரிசைப்படுத்தி வைப்பார்கள். மேலே செம்மண், பிறகு பழுப்புநிறச் சிதைவு, அதற்கும் கீழே சாம்பல் நிறக் கல்தூள். ஆய்வாளர் வளைகோடு வரைந்த தாளுடன் அந்த வரிசை ஓரமாக நடந்து, எந்தக் குவியலில் தன் கணக்கு பொருந்தியது, எதில் பிசகியது என்று குறித்துக்கொள்கிறார். அடுத்த தோட்டத்துக் கணக்கை அந்தக் குறிப்போடுதான் தொடங்குவார்.