அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெண்கள்

அக்டோபர் பிறந்துவிட்டால் மதுரையிலும் இளஞ்சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு ஊர்வலம் போகிறார்கள். போன வாரம் தமுக்கம் பக்கம் அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததும் டீச்சரம்மா ஞாபகம் வந்தது. அவரைப் பற்றிச் சொல்லுமுன் கொஞ்சம் பழைய கதை.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை இளவயதிலேயே புற்றுநோயால் இறந்துபோனார். அந்த வேதனையைக் கண்ணால் பார்த்தவர் அதை மறக்கவில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், இந்த நோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்கிற தொனியில் ஒரு மந்திரியே பதில் சொன்னதாக டாக்டர் சாந்தா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அரசாங்கத்தை நம்பிக் காத்திருக்க முடியாது என்றானபோது கைகொடுத்தது இந்திய மாதர் சங்கம். 1917-ல் அடையாறில் தொடங்கிய சங்கம் அது. அதன் பெண்கள் புற்றுநோய் நிவாரண நிதி என்று ஒன்றை ஏற்படுத்திப் பணம் திரட்டினார்கள். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். அடுத்த வருடம் வந்து சேர்ந்த சாந்தா, 2021 ஜனவரியில் கண்மூடும்வரை அங்கேதான் இருந்தார்.

இவர்கள் பெயரெல்லாம் நமக்குத் தெரியும். நிதி திரட்டிய மாதர் சங்கத்துப் பெண்களில் எத்தனை பேரைத் தெரியும்? ஆனால் அந்த மருத்துவமனையின் பெயரைக் கவனித்துப் பாருங்கள். இன்றும் அடைப்புக்குறிக்குள் டபிள்யூ.ஐ.ஏ. என்று மூன்று எழுத்து இருக்கும். மாதர் சங்கத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் அது. பெயர் தெரியாத அந்தப் பெண்களுக்கு அதுவே நினைவுக்கல்.

அதே 1952-ல் நியூயார்க்கில் தெரீஸ் லாசர் என்ற அம்மாளுக்கு மார்பக அறுவை சிகிச்சை நடந்தது. அக்காலத்து அறுவை கடுமையானது. ஹால்ஸ்டெட் என்ற மருத்துவர் வகுத்த முறைப்படி மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்துவிடுவார்கள். புண் ஆறினாலும் கை வீங்கும், தோள் இறுகும், தலை சீவக்கூட முடியாது. இனி எப்படி உடுத்துவது, கையை எப்படிப் பழக்குவது என்ற கேள்விகளுக்கு லாசருக்கு யாரும் விவரமாகப் பதில் சொல்லவில்லை. தானே தெரிந்துகொண்டு, மற்ற நோயாளிகளின் படுக்கையருகே போய்ச் சொல்ல ஆரம்பித்தார். கயிறும் ரப்பர் பந்தும்தான் அவருடைய உபகரணம். சில டாக்டர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர் விடவில்லை. 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அந்தத் தொண்டைத் தன்னுடையதாக ஏற்றது. 1979-ல் அவர் காலமானார். அனுபவப்பட்டவரே அனுபவப்படுகிறவருக்குத் துணை என்ற வழி அப்படித்தான் உலகம் முழுவதும் பரவியது.

டீச்சரம்மாவுக்கு அந்த அமெரிக்க அம்மாளின் பெயர் தெரிந்திருக்காது. 1984-ல் என் அக்காவுக்கு அறுவை முடிந்து, பாண்டியன் எக்ஸ்பிரஸில் மதுரைக்கு அழைத்து வந்தோம். வீட்டில் யாரும் 'மார்பு' என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டோம். "கட்டி எடுத்திருக்கு" என்போம், அவ்வளவுதான். நான்காம் நாள், மூன்று தெரு தள்ளி இருந்த ஓய்வுபெற்ற டீச்சர் வந்தார். ஆண்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். தனக்கும் அதே அறுவை நடந்து ஏழு வருடம் ஆயிற்று என்று அன்றுதான் அக்காவிடம் சொன்னாராம்.

பிறகு தினமும் மதியம் வருவார். அக்காவைச் சுவர் பக்கம் நிறுத்தி, விரல்களால் சுவரில் மேலே ஏறச் சொல்வார். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. "நேத்தைக்கு விட ஒரு விரக்கடை மேல போனாப் போதும் தாயி" என்பார். பஞ்சு வைத்து ரவிக்கை தைக்கவும் அவரே சொல்லிக்கொடுத்தார். இரண்டு மாதத்தில் அக்கா கொடியில் துணி காயப்போட்டாள்.

சில வருடங்களில் டீச்சரம்மாவுக்கு நோய் திரும்பி வந்தது. இந்தத் தொண்டில் உள்ள கொடுமையே அதுதான். துணைக்கு வருகிறவரும் அதே நோயாளிதான். கடைசி நாட்களில் அக்கா தினமும் போய் உட்கார்ந்திருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவர் வீட்டார் "காய்ச்சல்" என்றே சொன்னார்கள். அவர்கள் மறைத்ததை நான் வெளியிடக்கூடாது என்பதால்தான் இங்கே பெயரை எழுதவில்லை.

அதன்பின் அக்காவும் இப்படிச் சில வீடுகளுக்குப் பென்சிலோடு போய்வந்தாள். இப்போது அவளும் இல்லை.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். பெயரைச் சொல்ல முடிந்தால் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். முடியாவிட்டால், அவர் செய்ததையாவது சொல்லுங்கள்.