குயில் குன்றிலிருந்து கூடலூருக்கு

குமுளியிலிருந்து மலை இறங்கி, லோயர் கேம்ப் தாண்டிக் கூடலூர் வழியே கம்பம் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தால் ஒரே பெயரை விதவிதமான எழுத்துகளில் படிக்கலாம். ஒரு பலகையில் பென்னிகுயிக், அடுத்ததில் பென்னிகுவிக், பேச்சில் பென்னிகுக். பேச்சில் இருப்பதுதான் மூலத்துக்குப் பக்கம். அந்தப் பெயர் பிறந்த ஊரிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஊர் இருப்பது ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில், எஸ்க் என்ற சிற்றாற்றின் கரையில். ஆங்கிலம் அங்கே வந்து சேருமுன், இன்றைய வெல்ஷ் மொழிக்கு உறவான பழைய பிரித்தானிய மொழி அந்த மண்ணில் புழங்கியது. அதில் 'பென்' என்றால் தலை, குன்றின் உச்சி. 'கோக்' என்றால் குயில். குயில் கூவும் குன்று! வசந்தத்தில் வந்து கூவும் அவர்களுடைய சாம்பல் பறவை வேறு, நம் கருங்குயில் வேறு. ஆனாலும் 'பென்னிகுயிக்' என்று தமிழில் எழுதும்போது அதற்குள் ஒரு குயில் ஏறக்குறைய முழுதாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. யாரும் திட்டமிடாத இந்தப் பொருத்தத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

அங்கே நிலம் வைத்திருந்த குடும்பம் ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. 1654இல் அந்த நிலம் கிளார்க் என்ற குடும்பத்துக்குப் போனது. நிலம்தான் கைமாறியது. பெயர், ஆளுக்கொரு எழுத்தில், ஊர் ஊராகப் போனது.

அப்படி இந்தியா வந்தவர்களில் ஒருவர் படைத்தளபதி ஜான் பென்னிகுயிக். 1849 ஜனவரி 13 அன்று, பஞ்சாபின் சில்லியன்வாலா போரில், அவரும் இளவயது மகன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் இறந்தார்கள். புனேயில் பிறந்த இன்னொரு மகன் ஜானுக்கு இரண்டு நாள் கழித்து எட்டு வயது நிறைந்தது. அந்தச் சிறுவன்தான் பொறியாளராகி 1860இல் இந்தியா திரும்பினார்.

மேற்கே ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பும் வேலை அவர் பொறுப்பில் 1887இல் தொடங்கியது. காட்டுக் காய்ச்சல் ஆட்களைத் தின்றது, வெள்ளம் கட்டியதை அடித்துக்கொண்டு போனது. சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் கல்லுமாக எழுந்த அணையை 1895 அக்டோபர் 10 அன்று சென்னை ஆளுநர் வென்லாக் திறந்து வைத்தார். பென்னிகுயிக் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்ற கதை பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு சொல்லப்படுகிறது. சொந்த மனிதரைப் பற்றித்தான் அப்படிச் சொல்வார்கள்.

மலைக்கு மேலே, இடுக்கிப் பக்கத்தில், இந்தப் பெயர் வேறு மாதிரி ஒலிக்கும். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் மழைக்காலத்து இரவுகளை, பழைய அணை உடைந்துவிடுமோ என்ற பயத்தோடு கழிப்பவர்களில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் உண்டு. அந்தப் பயத்தைத் தள்ளிவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

பிரித்தானியர் வழக்கப்படி குடும்பப் பெயர் ரத்தத்தில் இறங்கும். அணை கட்டிய பொறியாளரின் மகனும் ஜான் பென்னிகுயிக்தான், இங்கிலாந்தில் நீதிபதியாக இருந்தார். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் தலையெழுத்து மட்டும்தான். அதனால் இங்கே அந்தப் பெயர் இன்னொரு வழியில் இறங்கியது: தண்ணீர் வழியாக. பொறியாளர் பிறந்த ஜனவரி 15 தைப்பொங்கலை ஒட்டியே வருவதால், பாலார்பட்டியில் அவருக்கும் சேர்த்தே பொங்கல் வைக்கிறார்கள். தேனிப் பக்கத்தில் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். குடும்பப் பெயராக வந்தது இங்கே பிள்ளையின் சொந்தப் பெயர். முன்னால் நிற்பது உள்ளூர் அப்பாவின் தலையெழுத்து.

அந்தப் பிள்ளைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் பள்ளிப் பதிவேட்டில் 'பெ.' என்ற எழுத்தோடு சேர்வார்கள்.