மனநல முதலுதவியும் புதுச்சேரி இருளர்களும்

மனநல முதலுதவி என்பது மருத்துவம் அன்று. மன நெருக்கடியில் இருப்பவரை அடையாளம் காணவும், பழிக்காமல் செவிமடுக்கவும், தற்கொலை எண்ணம் உண்டா என நேரடியாக வினவவும், தனியே விடாமல் மருத்துவரிடம் சேர்க்கவும் அக்கம்பக்கத்தாருக்குக் கற்றுத்தரும் பயிற்சியே அது. (நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பது வீண் அச்சம்.) 2000-இல் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிட்சனரும் ஆண்டனி ஜோர்மும் இதனைத் தொடங்கினர். அந்நாட்டுத் தொல்குடிகளுக்கெனப் பின்னர் உருவான தனிப் பாடத்தைத் தொல்குடிப் பயிற்றுநர்களே நடத்துகின்றனர்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015 கணக்கின்படி, புதுச்சேரியில் லட்சம் பேருக்கு 43.2 தற்கொலைகள், நாட்டின் சராசரி 10.6. இதே புதுச்சேரியில் 2016 டிசம்பர் வரை பட்டியல் பழங்குடி என ஒரு சமூகம்கூட அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. அவ்வாண்டில்தான் இருளர் சேர்க்கப்பட்டனர். ஏட்டிலேயே இல்லாதிருந்த மக்களின் துயரத்தை எந்தத் திட்டம் கணக்கில் எடுத்திருக்கும்?

கொரோனாக் காலத்தில் வில்லியனூர்ப் பகுதி வாத்துப் பண்ணை ஒன்றில் கொத்தடிமைகளாக இருந்த இருளர் சிறுமிகள் மீட்கப்பட்டனர். அவர்கள் பாலியல் கொடுமைக்கும் ஆளானது, குழந்தைகள் நலக் குழுவின் ஆற்றுப்படுத்தலின்போதே வெளிவந்தது. போக்சோ வழக்கும் பதிவானது. யாரோ ஒருவர் பொறுமையாகக் கேட்டதால் நேர்ந்தது இது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் இருளர் குடியிருப்புகளில் அப்படிக் கேட்கத் தெரிந்தவர்கள் அந்தக் குடியிருப்புகளிலிருந்தே உருவாக வேண்டும் என்கிறோம். முன்பணம் கொடுத்தவரின் ஆட்கள் சூழ்ந்திருக்கையில் வெளியாள் நடத்தும் முகாமில் எவரும் வாய் திறக்கமாட்டார்.

கேட்பதோடு நின்றாலும் போதாது. முன்பணக் கடனால் உறக்கமிழந்தவருக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுப்பது ஒருவகை ஏமாற்று. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. முதலுதவியாளர் அதைச் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரை வழக்குக்கு அஞ்சி மறைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115, அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. அவருக்குப் பராமரிப்பு அளிப்பது அரசின் கடமை என்கிறது. பிரிவு 21 சிகிச்சையில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்கிறது.

டெலிமானஸ் உதவி எண் 14416-இல் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மருத்துவமனைக்கு நேரில் செல்வோர்க்குப் பிரிவு 18 துணை நிற்கும்: வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவருக்கு, அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், அரசு மனநல நிலையங்களில் சிகிச்சை இலவசம்.