நம் முற்றத்துத் தேன்சிட்டும் அமெரிக்காவின் ஹம்மிங்பேர்டும்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கிற போது ஆறுதலாக வாசியுங்கள்.

"கிண்ணியாவில் ஹம்மிங்பேர்ட்" என்று ஒரு படம் இரண்டு கிழமையாக வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. செவ்வரத்தம் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கிற ஒரு சின்னக் குருவி. படம் அருமை, பெயர்தான் பிழை. ஹம்மிங்பேர்ட் இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழ்கிற பறவை. படத்தில் இருப்பது நம்முடைய தேன்சிட்டு. (மஃரிப் நேரத்தில் பூவைச் சுற்றி ரீங்காரமிடுவது பெரும்பாலும் குருவியே இல்லை, அது ஒரு வகை அந்துப்பூச்சி.)

இந்தக் குழப்பம் பழையது. காலனி காலத்தில் இங்கு வந்த வெள்ளைக்காரர்களும் தேன்சிட்டை ஹம்மிங்பேர்ட் என்றே அழைத்தார்கள். ஆனால் அவர்களுக்கு முந்திய ஒல்லாந்தர் காலத்தில் ஒருவர் சரியாகப் பார்த்தார். 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்தத் தேசாதிபதியாக இருந்த ஜோன் கிடியோன் லோட்டன் அவர். பறவைப் பித்தர். பறவைகளைப் பிடித்துவரச் செய்து, பார்த்து வரைவித்தார். வரைந்தவர் பீட்டர் கொர்னேலிஸ் த பேவர். இந்த நாட்டுக் கலப்புக் குடும்பத்தில் வந்தவர். 1766இல் லின்னேயஸ் உலக உயிரினப் பட்டியலில் நமது தேன்சிட்டுகளில் இரண்டைச் சேர்த்தபோது ஒன்றுக்கு லோட்டனின் பெயர் போயிற்று, இன்னொன்றுக்கு 'சைலோனிக்கா' என்று நாட்டின் பெயர் கிடைத்தது. தூரிகை பிடித்தவரின் பெயர் எந்தத் தேன்சிட்டிலும் இல்லை. அவருடைய ஓவியங்கள் பல இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சரி, இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? சிறகடியில்தான் விஷயமே இருக்கிறது.

அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சின்ன ஹம்மிங்பேர்ட் ஒன்று ஒரு செக்கனுக்கு ஐம்பது தடவைக்குக் கிட்ட சிறகடிக்கும். 1930களில் அமெரிக்கப் பொறியியலாளர் ஹரோல்ட் எட்ஜர்ட்டன் மின்னல் போன்ற ஒளிவிளக்கை வைத்து அந்தச் சிறகைப் படத்தில் நிறுத்தினார். 1939இல் ஜெர்மனியில் ஸ்டோல்பே, ஸிம்மர் இருவரும் அதிவேகப் படச்சுருளில் பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். சிறகு மேலும் கீழும் அடிக்கவில்லை. முன்னும் பின்னுமாக, படுத்துக் கிடக்கும் எட்டு போல வீசியது. பின்னால் போகும்போது சிறகு புரண்டு, அடிப்பக்கம் மேலே வந்தது. தோள் மூட்டு அப்படிச் சுழலக் கூடியது. மேல்கை எலும்பு மிகக் குட்டை. உடலை நிமிர்த்தி, சிறகு வீசும் தளத்தைச் சாய்த்தால் பின்னோக்கியும் பறக்கும்.

அப்படியானால் முன்வீச்சும் பின்வீச்சும் பூச்சிகளில் போல எடையைச் சமமாகத் தாங்குகின்றனவா? பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். 2005இல் வோரிக், டொபால்ஸ்கே, பவர்ஸ் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்தார்கள். எப்படி? சைத்தூன் எண்ணெயைப் புகார் போல் காற்றில் தெளித்து, லேசர் ஒளியில் அந்தத் துளிகள் நகர்வதைப் படமெடுத்து! முன்வீச்சு 75 சதவீதம், பின்வீச்சு 25 சதவீதம் என்று வந்தது. பூச்சிக்கும் பறவைக்கும் நடுவில் ஒரு வழி.

நமது தேன்சிட்டு காகமும் மைனாவும் இருக்கிற அதே பறவை வரிசையைச் சேர்ந்தது. சிறகை மேலே தூக்கும்போது மணிக்கட்டில் மடித்துத் தூக்குகிறது. அந்தப் பாதியில் தாங்குவிசை அநேகமாக இல்லை. அதனால் அந்தரத்தில் நிற்கும், ஆனால் சில செக்கன்தான். பிறகு காம்பில் போய்க் குந்தும். வாழைப் பொத்தியில் தொங்குகிறதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூன்று வகைகளில் நீண்ட வளைந்த அலகுள்ள அந்த லோட்டன் சிட்டுத்தான் கூடுதலாக அந்தரத்தில் நிற்பது. வட்ஸ்அப் படத்தின் அலகைப் பாருங்கள்.

இங்கே இப்னு பிர்னாஸைச் சொல்லாமல் விட முடியாது. ஒன்பதாம் நூற்றாண்டுக் கொர்தோபாவில் சிறகு கட்டிப் பறந்தார், இறங்கும்போது முதுகில் அடிபட்டது, பறவை இறங்குவது வாலைக் கொண்டு என்பதைக் கவனிக்கவில்லை என்பார்கள். நாம் பெருமையாகச் சொல்லுகிற கதை. ஆனால் அதை நமக்குத் தந்த அல்மக்கரீ வாழ்ந்தது ஏழு நூற்றாண்டுக்குப் பிறகு. மாணவருக்குச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. வாலைப் பற்றிய அந்தக் குறிப்பு மட்டும் கூர்மையானது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. 2004இல் ஜெர்மனியில் கிடைத்த எலும்புகளைப் பற்றி எழுதினார்கள்: முப்பது மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலும் ஹம்மிங்பேர்ட் இனம் இருந்திருக்கிறது. பிறகு அற்றுப் போயிற்று. இன்னொன்று, தென்னமெரிக்கப் புகையிலை மரம் ஆபிரிக்காவில் பரவியபோது, குந்துவதற்கு இடமில்லாத அதன் பூக்களில் அந்நாட்டுத் தேன்சிட்டுகள் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கத் தொடங்கின. தேவை வந்தால் கொஞ்சம் கூட நிற்கும் போல.

நம் பிள்ளைகளுக்கு யூடியூப்பில் பார்த்த ஹம்மிங்பேர்ட் தெரிகிறது. உடுப்புக் கொடியில் சிலந்தி நூலால் கூடு கட்டி இருப்பதன் பெயர் தெரியவில்லை. தேசாதிபதியின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. நம் மூத்தம்மாமார் இந்தக் குருவியை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? ஆலங்கேணிப் பக்கமும் மூதூர்ப் பக்கமும் வேறு பெயர் இருக்கலாம். இன்று இரவே வீட்டில் கேட்டு எனக்கு எழுதி அனுப்புங்கள்.