அடுக்கும் அவையும்

தமிழில் ஒரு நூல் எழுதி முடிக்கப்பட்டால் மட்டும் போதாது. அது அவையேறவும் வேண்டும் என்பது நம் முன்னோர் மரபு. அரங்கேற்றம் என்னும் சொல்லே இதற்குச் சான்று. கம்பர் தம் காப்பியத்தைத் திருவரங்கத்திலும், சேக்கிழார் தம் புராணத்தைத் தில்லையிலும் அரங்கேற்றினர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அச்செய்திகளின் வரலாற்று உண்மையை ஆய்வாளர் தனியே ஆராயட்டும். நூலுக்கு அவை வேண்டும் என்று இச்சமூகம் நம்பியது என்பதை உணர்த்த அவை போதுமானவை. கோயில் மண்டபங்களில் பாரதம் படித்ததும், திண்ணைகளில் அல்லி கதையும் நல்லதங்காள் கதையும் உரக்க வாசிக்கப்பட்டதும் அந்த நம்பிக்கையின் தொடர்ச்சியே.

அச்சு பரவியபின் படிப்பு மெல்ல மெல்லத் தனியொருவர் செயலாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் பொது நூலகம் என்னும் புதிய அமைப்பு நம் சிறுநகரங்களுக்கு வந்தது. அது புத்தக அடுக்கை மட்டும் கொண்டுவந்ததா, அவையையும் உடன் கொண்டுவந்ததா? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்திற்கும் இவ்வினாவோடு நெருங்கிய தொடர்புண்டு.

மன்னார்குடி வண்டி

தமிழக நூலக இயக்கத்தின் வரலாறு சீர்காழியில் 1892இல் பிறந்த சீ.இரா. அரங்கநாதனாரோடு பின்னிக் கிடக்கிறது. கணிதப் பேராசிரியராயிருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அவ்வாண்டே நூலகக் கல்விக்காக இலண்டன் சென்றார். அங்கே அவருக்கு வழிகாட்டிய பெர்விக் சேயர்ஸ், கிராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைமை நூலகர். குழந்தைகளும் தொழிலாளரும் உரிமையோடு வந்து போகும் பொது நூலகங்களை அரங்கநாதனார் அந்நாட்டில் நேரிற் கண்டார். நாடு திரும்பியபின் 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாவதில் முன்னின்று உழைத்தார். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை விளக்கும் அவரது ஆங்கில நூல் 1931இல் வெளிவந்தது.

அதே 1931ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. அதில் நெல்லோ வைக்கோலோ இல்லை, புத்தகங்கள் இருந்தன. அந்த நடமாடும் நூலக வண்டியை வடிவமைத்தவர் ச.வே. கனகசபைப் பிள்ளை. விதிகளை ஆங்கிலத்தில் வகுத்த ஆண்டிலேயே காவிரிப் படுகையின் வண்டிப்பாதையில் அவ்விதிகள் நடந்து சென்றன எனலாம்.

அக்காலத்தில் இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. அத்தகைய நாட்டில் ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுசென்றால் படிப்பவர் யார் என்ற ஐயம் எழுவது இயல்பு. அரங்கநாதனார் இவ்வையத்தை நன்கு உணர்ந்தே எழுதினார். எழுத்தறியாதவர்க்குப் படித்துக் காட்டுதல், வாசகர் வட்டம் அமைத்தல், சொற்பொழிவு, கண்காட்சி, விழா ஆகியவற்றை நூலகத்தின் விரிவுப் பணிகளாக அவர் எடுத்துரைத்தார். ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரைத் தேடிச் சேர்க்கும் கடமையோடு இப்பணிகளை இணைத்துக் காட்டினார். நூலகத்தில் கூட்டம் நடத்துவது புத்தகம் வழங்கும் பணிக்கு இடையூறு என்று இன்று எண்ணுவோர், இவ்வியலின் தந்தை அதனை நூலகப் பணியாகவே கண்டார் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

படிப்பகங்கள்

அரசு நூலகங்கள் சிற்றூர்களை எட்டுவதற்கு முன்பே அவ்வூர்களில் வேறொரு வகை வாசிப்பு வேரூன்றிவிட்டது. தேசிய இயக்கமும், 1925இல் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கிய பெரியாரின் தன்மான இயக்கமும், பொதுவுடைமை இயக்கமும் தத்தம் படிப்பகங்களை வளர்த்தன. தேநீர்க் கடையின் விசுப்பலகையிலும், முடிதிருத்தகத்தின் வாயிலிலும் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். கேட்டவர் வினா எழுப்பினர். படித்தவர் விடை கூறினார். சில நாளில் சண்டையும் மூண்டது. அப்படிப்பகங்களில் நூற்பட்டியல் இல்லை, பகுப்பெண் இல்லை. ஆனால் அவை இருந்தது. பள்ளி வாயிலை மிதியாத பலர் மேடைத் தமிழையும் அரசியலறிவையும் பெற்ற இடம் அதுவே. எனினும் அவை பெரும்பாலும் ஆடவர் கூடிய அவைகளாகவே இருந்தன. அந்தக் குறையின் நிழல் இன்றளவும் நீள்வதைப் பின்னர்க் காண்போம்.

சட்டம் தந்தது

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948இல் நிறைவேறியது. தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் அப்போது கல்வி அமைச்சர். சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைந்தது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் தண்டப்பட்டது. அவ்வரி இன்று ரூபாய்க்கு 10 காசு. வீட்டு வரி செலுத்தும் ஒவ்வொரு குடும்பமும், நூலக வாயிலை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும், நூலகத்தைத் தாங்கி நிற்கிறது.

இச்சட்டம் ஆணைக்குழுவுக்கு வழங்கும் அதிகாரங்களைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. நிலம், கட்டடம், நூல், இதழ், பணியாளர் ஆகியவற்றோடு சொற்பொழிவுகளுக்கும் வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்யும் அதிகாரமும் அதில் இடம்பெற்றுள்ளது. வாங்கத்தக்க பொருள்களின் வரிசையில் ஒளிப்பட வில்லைகளும் திரைப்படச் சுருள்களுங்கூட உண்டு. ஆக, சட்டம் இயற்றியோர் மனத்தில் அடுக்கோடு அவையும் இருந்தது தெளிவு. ஆயினும் அவர்கள் அதை அதிகாரமாகத் தந்தனரேயன்றிக் கடமையாக விதிக்கவில்லை. நிதி குறைந்தபோது ஊதியமும் வாடகையும் நூல் கொள்முதலும் முன்னின்றன. சொற்பொழிவு பின்னுக்குப் போயிற்று.

நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறையோடு நூலகங்களையும் கவனித்த காலத்தில் கிளை நூலகங்கள் விரைந்து பெருகின. 1972இல் பொது நூலகங்களுக்கெனத் தனி இயக்ககம் அமைந்தது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் எனப் பல நிலைகளில் 4,600க்கும் மேற்பட்ட நூலகங்கள் இன்று தமிழகத்தில் உள்ளன. இது எளிய சாதனையன்று.

அண்டை நாடான கேரளத்தோடு ஒப்பிட்டால் நம் வரலாற்றின் தனித்தன்மை விளங்கும். அங்கே பி.என். பணிக்கரின் முயற்சியால் 1945இல் அம்பலப்புழையில் 47 ஊர் நூலகங்கள் ஒன்றுகூடிச் சங்கமாயின. 1972இல் நூலகத் தொண்டர்கள் மாநிலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடைப்பயணம் சென்றனர். எழுத்தறிவுப் பணிக்கான யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா பரிசு 1975இல் அவ்வியக்கத்தைத் தேடி வந்தது. சட்டமோ 1989இல்தான் வந்தது. மகளிர்க்கும் சிறுவர்க்கும் நூலகந்தோறும் தனி மன்றங்கள் அங்கே நடைபெறுகின்றன. அவர்களுக்கு அவை முந்தியது, சட்டம் பிந்தியது. நமக்கோ சட்டம் முந்தியது. இதனால் நாம் இழந்தது மட்டும் உண்டென்று கூறுவது நேர்மையாகாது. ஆர்வம் வற்றிய ஊர்களில் படிப்பகங்கள் பல சுவடின்றி மறைந்தன. வரியால் வாழும் கிளை நூலகமோ இன்றும் கதவு திறக்கிறது.

வட்டங்களின் வரவு

சட்டம் விட்ட இடத்தை நிரப்ப எழுந்தவையே நூலகத்தோடு இணைந்த வாசகர் வட்டங்கள். (1960களில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடத்திய புகழ்பெற்ற பதிப்பகமும் இப்பெயர் கொண்டதே; இங்கே கூறுவது அதனையன்று.) ஓய்வு பெற்ற ஆசிரியர், அஞ்சல் ஊழியர், துணிக்கடைக்காரர், கவிதை எழுதும் கல்லூரி மாணவர் எனச் சிலர் சேர்ந்தால் ஒரு வட்டம் உருவாகிவிடும். நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். எனவே ஞாயிற்றுக்கிழமை வட்டத்தின் நாளாயிற்று.

1968 முதல் நவம்பர் 14 தொடங்கி 20 வரை கொண்டாடப்பெறும் தேசிய நூலக வாரம் இவ்வட்டங்களின் பெருவிழா. பள்ளி மாணவர்க்குப் பேச்சு, கட்டுரைப் போட்டிகள், நூற்கண்காட்சி, கவியரங்கம், புதிய புரவலர் சேர்ப்பு என அவ்வாரம் நிறையும். ஆகஸ்டு 12இல் அரங்கநாதனார் பிறந்தநாளும், ஏப்ரல் 23இல் உலகப் புத்தக நாளும் அதற்கு அடுத்தவை. ஊர்ப்புற நூலகங்கள் பலவற்றில் பூட்டைத் திறந்து பெருக்குவது முதல் பதிவேடு எழுதுவது வரை ஒருவரே செய்கிறார். அவர் தனியே இத்தனையும் நடத்தல் அரிது. வட்டம் தோள் கொடுத்த ஊரில் விழா நடந்தது. கொடாத ஊரில் வாழ்த்துப் பதாகையோடு வாரம் முடிந்தது.

கவிஞர்களாகிய நம் உறுப்பினர்க்கு இது நேரடியாகத் தொடர்புடைய செய்தி. அரசின் நூலகக் கொள்முதலால்தான் தமிழ்க் கவிதை நூல்கள் பல அச்சுச் செலவையேனும் மீட்கின்றன. அவ்வாறு ஊர் ஊராகச் சென்று சேரும் கவிதை நூலின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டைப் புரட்டிப் பாருங்கள். பல நூல்களில் அது வெள்ளைத்தாளாகவே இருக்கும். ஒரு ஞாயிறு மாலை வட்டத்தில் பேசப்பட்ட நூலோ அடுத்த வாரமே கைமாறத் தொடங்கும். அடுக்கில் உறங்கும் நூலை எழுப்புவது அவையே.

வாராதவர்

இவ்வளவு சொன்னபின் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் தகாது. மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் கூட்டம், தன் அவையினர் யாரென்பதை அந்த நேரத்தாலேயே தீர்மானித்துவிடுகிறது. அடுக்களையும் குழந்தைகளின் பாடமும் ஒருங்கே அழைக்கும் பொழுது அது. மேடையில் பெண்மை போற்றும் கவிதைகள் ஒலிக்க, எதிரே இருக்கைகளில் ஆடவரே அமர்ந்திருக்கும் காட்சி நமக்குப் பழகிப்போயிற்று.

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். கல்குவாரிகளிலும் வயல்களிலும் உழைத்தவர்கள் அவர்கள். புதிதாக எழுத்தறிந்த அத்தகையோரின் கைக்கு நூலைக் கொண்டு சேர்ப்பதே அன்று நூலகங்களின்முன் நின்ற பெரும்பணி. நூலகக் கதவின் நேரமும் அவர்கள் வேலைநேரமும் ஒத்துவராத ஊர்களில் அப்பணி நிறைவேறவில்லை. இன்று போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளம்பெண்கள் படிப்பறைகளில் பகல் முழுதும் அமர்ந்துள்ளனர். வட்டம் கூடும் அதே கட்டடத்தில் அவர்கள் இருக்கின்றனர், வட்டத்தில் இல்லை.

நூலகத்துக்கு வர இயலாதோர் வீட்டுக்குத் தன்னார்வலர் வழியே நூல் அனுப்பும் ‘நூலக நண்பர்கள்’ திட்டம் 2022இல் தமிழக அரசால் தொடங்கப்பட்டது. மன்னார்குடி வண்டி வேறு உருவில் திரும்பியிருக்கிறது என்றே இதைக் கருதுகிறேன். நூல் வீடு தேடிச் செல்லுமெனில் அவையும் செல்லலாகாதா? மாதம் ஒரு கூட்டத்தையேனும் பிற்பகல் மூன்று மணிக்கு வைக்கலாம். ஒரு தெருத் திண்ணையில் கூடலாம். எழுத்தறியாத மூதாட்டியும் கேட்கும்படி ஒரு சிறுகதையை உரக்கப் படிக்கலாம். இவை புதுமைகள் அல்ல, 1931லேயே சிந்திக்கப்பட்டவை.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. நூலகத்தில் வாங்கிய ஒவ்வொரு நூலுக்கும் பதிவெண் உண்டு. தொலைந்த நூலுக்கும் கணக்குண்டு. அங்கே நடந்த கூட்டங்களுக்கோ பெரும்பாலும் பதிவேடு இல்லை. யார் பேசினர், எந்நூல் பேசப்பட்டது, எத்தனை பேர் கேட்டனர் என்பவை துண்டறிக்கையோடு மறைந்துபோகின்றன. நூலகக் கட்டடங்களின் வரலாற்றை எழுதும் ஆய்வாளர்க்குச் சான்று கிடைக்கிறது. அவற்றுள் வளர்ந்த இலக்கிய வாழ்வை எழுதப் புகுவார் வெறுங்கையோடு நிற்கின்றனர். நம் வட்டம் தன் ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அதன் படியொன்றை நூலகத்திலேயே வைத்தல் வேண்டும். வந்தோர் பெயரோடு, எத்தனை பெண்கள் வந்தனர் என்பதும் அதில் இருக்கட்டும். இருபதாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதவிருப்பவர் முதலில் புரட்டும் ஏடு அதுவாக அமையும்.