பலகை வீடு எப்பவும் தற்காலிகமா?

கொழும்பு வரலாறு என்றாலே நாங்கள் கோட்டையையும் தேவாலயங்களையும்தான் எழுதுறம். வெள்ளவத்தை ரயில் பாதையோரத்திலும் கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலும் (தேயிலைத் தோட்டம் இல்ல, நெருக்கமான குடியிருப்பு) இருந்த பலகை வீடுகளை விட்டுடுறம். அவை ‘தற்காலிகமாம்’.

அமெரிக்காவின் டெடம் ஊரில் ஃபேர்பேங்ஸ் வீடு 1640 வாக்கில் கட்டப்பட்டது. வெளிச்சுவர் பலகைதான், பழுதானதை மாத்தி மாத்தி இன்னும் நிக்குது.

மேற்பலகை கீழ்ப்பலகையில் கொஞ்சம் ஏறியிருக்கவேணும், அப்பதான் மழை வழிஞ்சு போகும். அடிப்பலகை மண்ணில் முட்டக்கூடாது. வெட்டுமுனைக்கும் பெயின்ற் வேணும். கடற்காத்தில் இரும்பாணி துருப்பிடிக்கும். எங்கட ஆக்கள் கறையானுக்குக் கழிவு ஒயில் பூசினவை.

ஆனால் நாளைக்கு உடைப்பாங்களோ என்ற வீட்டுக்கு யார் நல்ல மரம் வாங்குவினம்? 2010க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபை இப்படியான குடியிருப்புகள் பலவற்றை அகற்றி, ஆக்களை மாடிவீடுகளுக்கு அனுப்பியது.