ரங்கா - பில்லா வழக்கில் நான்கு டாக்டர்கள்

பில்லான்னா நமக்கு ரஜினி. அடுத்த தலைமுறைக்கு அஜித். ஆனா 1978-ல டெல்லி பெற்றோர்களைப் பிள்ளைகளை வெளியே அனுப்பவே பயப்பட வைத்த பில்லா வேற ஆள்.

ரங்கா - பில்லா என்று சேர்த்தே சொல்லப்படும் இந்த வழக்கைப் பற்றி நிறைய பேர் எழுதிட்டாங்க. ஒரு டாக்டரா படிக்கும்போது என் கண்ணில் பட்டது வேறு. கதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு டாக்டர் நிற்கிறார். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா வாங்க.

1978 ஆகஸ்ட் 26, சனிக்கிழமை. கடற்படை அதிகாரி கேப்டன் சோப்ராவின் பிள்ளைகள் கீதாவும் சஞ்சயும். அக்காவுக்கு 16 வயசு, தம்பிக்கு 14. அன்று மாலை ஆல் இந்தியா ரேடியோவில் கீதாவுக்கு இளைஞர் நிகழ்ச்சி. தௌலா குவானில் இருந்து ஆறேகால் வாக்கில் கிளம்புறாங்க. தூறல் வேற. வழியில் காரில் வந்த ஒரு டாக்டர் ஏற்றிக்கொண்டு கோல் டாக் கானா பக்கம் இறக்கிவிடுறார். அங்கிருந்து வானொலி நிலையம் நடக்கிற தூரம்தான்.

இவர் முதல் டாக்டர். நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்போம்.

அதுக்கப்புறம் பிள்ளைகள் ஏறியது ஒரு ஃபியட் கார். உள்ளே ஜஸ்பீர் சிங் என்கிற பில்லா, குல்ஜீத் சிங் என்கிற ரங்கா. வீட்டில் ரேடியோவைப் போட்டால் வேறொரு பெண்ணின் குரல். அழைத்து வர அப்பா வானொலி நிலையத்துக்குப் போனால், பிள்ளைகள் அங்கே வரவே இல்லைங்கிறாங்க.

ஓடுற காருக்குள் இரண்டு பிள்ளைகளும் போராடியதை ரோட்டில் போனவங்க பார்த்தாங்க. ஒருத்தர் போலீஸ் கன்ட்ரோல் ரூமுக்கு போன் பண்ணினார். இன்னொருத்தர் ஸ்கூட்டரில் துரத்திப் போய், கார் நம்பரைக் குறித்து, ஸ்டேஷனில் சொன்னார். அது எந்த ஸ்டேஷன் எல்லை என்பதில் நேரம் போச்சு. பொதுமக்கள் செய்யவேண்டியதைச் செய்துட்டாங்க என்பதைப் பதிவு பண்ணியே ஆகணும்.

அன்று இரவு வில்லிங்டன் மருத்துவமனை கேஷுவாலிட்டிக்கு (இன்றைய ராம் மனோகர் லோகியா மருத்துவமனை) தலையில் வெட்டுக்காயத்தோடு ஒருத்தன் வர்றான். பொய்ப் பெயர் கொடுக்கிறான். வழிப்பறிக்காரன் அடிச்சிட்டதா கதை. டியூட்டி டாக்டர் தையல் போட்டு, ரெஜிஸ்டரில் எழுதி அனுப்பிவிடுகிறார். வந்தவன் பில்லா.

இவர் இரண்டாவது டாக்டர். அவர் எழுதியதை டெல்லியில் எம்.எல்.சி. என்பார்கள். நம்ம ஊர் அரசு மருத்துவமனையில் அதுதான் ஏ.ஆர். என்ட்ரி. அடிபட்டு வர்றவர் சொல்ற காரணத்தை 'சொன்னதாக' என்று மட்டும்தான் எழுதுவோம். காயம் எங்கே, எத்தனை சென்டிமீட்டர், எத்தனை தையல், வந்த நேரம், கூட வந்தவர் யார், அடையாள மச்சம் இரண்டு. நைட் டியூட்டியில் இதைப் பெரிய தலைவலியா நினைக்கிற ஹவுஸ் சர்ஜன் தம்பி தங்கைகள் இந்த இடத்தைக் கவனிங்க. பேரை மாத்தலாம், தலையில் இருக்கிற தையலை மாத்த முடியாது.

இரண்டு நாள் கழித்து, டெல்லி ரிட்ஜ் காட்டுப்பகுதியில் இரு உடல்களும் கிடைத்தன. மூன்றாவது டாக்டர் போஸ்ட்மார்ட்டம் செய்தவர். சஞ்சய் உடம்பில் மட்டும் இருபதுக்கு மேல் காயம். பதினாலு வயசுப் பையன் கடைசி வரை எதிர்த்திருக்கான். ஆகஸ்ட் மாச வெப்பத்தில் உடல்கள் அழுகிட்டதால், கீதாவுக்குப் பாலியல் வன்முறை நடந்ததா என்பதை மருத்துவச் சான்றால் நிறுவ முடியாமல் போச்சு. நாடே ஒன்றை நம்பினாலும், உடல் காட்டாததை ரிப்போர்ட்டில் எழுத முடியாது. எங்க தொழிலில் இது ரொம்பக் கஷ்டமான நேர்மை.

செப்டம்பரில் தப்பி ஓடும்போது கால்கா மெயிலில் தெரியாமல் ராணுவ வீரர்கள் பெட்டியில் ஏறி மாட்டிக்கிட்டாங்க. 1979-ல் செஷன்ஸ் கோர்ட் தூக்கு விதித்தது, அதே வருஷம் டெல்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 1981-ல் உச்ச நீதிமன்றம் ரங்காவின் மனுவைத் தள்ளியது. கருணை மனுவும் போச்சு. ஜனாதிபதி அந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று கேட்டு ரங்கா மறுபடி உச்ச நீதிமன்றம் போக, தேதி தள்ளிப்போச்சு. 1982 ஜனவரி 20-ல் அதுவும் தள்ளுபடி. ஜனவரி 31 காலை, திகார் சிறையில் இருவருக்கும் தூக்கு.

நான்காவது டாக்டர் அங்கே, தூக்குமேடைக்குக் கீழே.

அதற்குச் சில மாதம் முன்புதான், 1981-ல் லிஸ்பனில் கூடிய உலக மருத்துவ சங்கம், மரண தண்டனை நிறைவேற்றத்தில் டாக்டர் பங்கெடுப்பது அறமல்ல என்று தீர்மானம் போட்டிருந்தது. இறந்ததைச் சான்றளிப்பது மட்டும் விதிவிலக்கு. ஆனா அந்த விதிவிலக்குக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கு. உயிர் இன்னும் இருந்தால், 'இன்னும் இல்லை' என்று டாக்டர் சொல்லணும். அதன் அர்த்தம் என்ன?

அன்று அதுதான் நடந்ததாகத் திகாரில் பணியாற்றிய சுனில் குப்தா 'பிளாக் வாரண்ட்' நூலில் சொல்கிறார். பில்லா உடனே இறந்துட்டான். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ரங்காவுக்கு நாடி இருக்கு. ஊழியர் ஒருவர் கீழே இறங்கிக் காலைப் பிடித்து இழுத்தார்.

இதை மருத்துவமாப் பார்ப்போம். தூக்கில் ஆளின் எடைக்கு ஏற்ப விழும் தூரத்தைக் கணக்கிடுவாங்க. எடை குறைந்தவருக்கு அதிகம், கூடியவருக்குக் குறைவு, ஏறத்தாழ ஆறிலிருந்து எட்டு அடி. கணக்கு சரியா இருந்தால் கழுத்தின் இரண்டாவது எலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கும். தப்பினால் அது வெறும் கழுத்து நெரிப்பு. அப்பவும் சில நொடிகளில் நினைவு போயிடும், இதயம் பத்து இருபது நிமிஷம் துடிக்கலாம். இரண்டு மணி நேரம்னா, கயிறு இரத்த ஓட்டத்தை முழுசா அடைக்கலைன்னுதான் அர்த்தம். மூச்சை அடக்கிக்கிட்டான் என்கிற விளக்கமெல்லாம் உடலியலில் நிற்காது.

கழுத்தெலும்பு முறிந்ததா, இல்லையா? போஸ்ட்மார்ட்டம் செய்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும். ஆனா தூக்கிலிடப்பட்டவருக்கு அதைக் கட்டாயமாக்கிய விதி அன்று கிடையாது. கொலையான பிள்ளைகளின் ஒவ்வொரு காயத்தையும் எண்ணி எழுதின அரசு, தானே முடித்துவைத்த உயிருக்கு அந்தக் காகிதத்தைக் கேட்கலை. கொலைகாரன் மேல் எனக்குப் பரிதாபம் இல்லை. நான் கேட்கிறது ரெக்கார்டு பற்றி மட்டும்.

அடுத்த வருஷமே, 1983-ல், தூக்கு வேகமானது, கொடூரமற்றது என்று சொல்லி அந்த முறை செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். 31 வருஷம் கழித்து, 2014 ஜனவரி 21 அன்று சத்ருகன் சௌகான் வழக்கில்தான், தண்டனைக்குப் பின் போஸ்ட்மார்ட்டம் கட்டாயம் என்ற உத்தரவு வந்தது.

2020 மார்ச் 20, அதே திகார். நிர்பயா வழக்கின் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டாங்க. நான்கு உடல்களும் தீன் தயாள் உபாத்யாய் மருத்துவமனைக்கு போஸ்ட்மார்ட்டத்துக்குப் போச்சு.